வெள்ளிக்கு எடை போட்ட புகையிலை, காசுக்கு அஞ்சு என்று வந்த கதை!

போன மாதம் என் வைத்தியசாலைக்கு ஒரு தையல்காரர் வந்தார். வயது 48. வலது கால் பெருவிரலில் புண். நான்கு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. பாதத்தைத் தொட்டால் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. கணுக்காலுக்குக் கீழே நாடித் துடிப்பைத் தேடினேன், கையில் சிக்கவில்லை. "என்ன பழக்கம் உண்டு?" என்று கேட்டேன். கூட வந்திருந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சிகரெட்டை விட்டுட்டேன் ஐயா" என்றார் பெருமையாக. "விலை கண்டபடி ஏறிப்போச்சு. இப்ப பீடிதான். செலவு பாதிக்குப் பாதி கொறஞ்சிருச்சு!"

அவருக்கு நான் சொன்ன வைத்தியத்தைப் பிறகு சொல்கிறேன். அவர் சொன்ன அந்தக் கணக்கு மட்டும் என் மனதை விட்டுப் போகவே இல்லை. விலை ஏறினால் மனிதன் என்ன செய்கிறான்? விலை இறங்கினால் என்ன செய்கிறான்? புகையிலை விஷயத்தில் இதற்கு 400 வருஷத்துக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், இங்கிலாந்து தேசத்தில். துறைமுகத்தில் இறங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் வரி வாங்கியவர்கள் ஆயிற்றே! அதனால் கணக்கு இருக்கிறது. வைத்தியன் எதற்குக் கடைக்காரன் கணக்கைப் படிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நோய் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், சில சமயம் கல்லாப் பெட்டியில் போய் நிற்கிறது.

மருந்தாக வந்த இலை

இந்த இலை முதலில் வந்ததே வைத்தியன் கை வழியாகத்தான். சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. 1560 வாக்கில் ழான் நிகோ என்ற பிரெஞ்சுத் தூதர் லிஸ்பன் நகரிலிருந்து இதைப் பாரிஸ் அரண்மனைக்கு அனுப்பினார், மருந்து என்று சொல்லி. நிகோடின் என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஸ்பெயினில் செவில் நகரத்து வைத்தியர் மொனார்டெஸ், தலைவலி, பல்வலி, வயிற்றுப் பூச்சி, ஆறாத புண் என்று இருபதுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு இதைச் சிபாரிசு செய்து புத்தகம் எழுதினார். 1577-ல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. ஆறாத புண்ணுக்கு மருந்தாம்! என் தையல்காரர் கேட்டால் என்ன சொல்வார்?

அப்போது இங்கிலாந்துக்கு வந்ததெல்லாம் ஸ்பெயின்காரர்கள் விற்ற இலை. விலை யானை விலை. ஜான் ஆப்ரி என்ற எழுத்தாளர், தன் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். சந்தைக்குப் புகையிலை வாங்கப் போகும் விவசாயி, தன் பையில் இருக்கும் வெள்ளி ஷில்லிங்குகளில் நல்ல கனமானதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவாராம். எதற்கு? தராசில் ஒரு தட்டில் புகையிலை, இன்னொரு தட்டில் வெள்ளிக் காசு. எடைக்கு எடை!

இன்னொரு சாட்சி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தக் காலத்துக் களிமண் புகைக்குழாய்கள் தோண்டத் தோண்டக் கிடைக்கின்றன. ஆரம்ப காலத்துக் குழாயில் புகையிலை வைக்கிற கிண்ணம் சுண்டு விரல் நுனிகூட நுழையாத அளவுக்குச் சின்னது. வருஷம் ஆக ஆக அந்தக் கிண்ணம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் கிண்ணத்தின் அளவையும் வடிவத்தையும் வைத்தே இது இன்ன காலத்துக் குழாய் என்று சொல்லிவிடுகிறார்கள். இலை மலிந்தது, கிண்ணம் வளர்ந்தது. விலைப் பட்டியலை மண்ணில் செய்து வைத்த மாதிரி இல்லையா?

ராஜா போட்ட வரி

1604-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையைத் திட்டி ஒரு சிறு புத்தகமே எழுதினார். கண்ணுக்கு வெறுப்பு, மூக்குக்கு வெறுப்பு, மூளைக்குக் கேடு, நுரையீரலுக்கு ஆபத்து என்று அந்தக் காலத்திலேயே சொன்ன மனிதர். சொன்னதோடு விடவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு 2 பென்னியாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்னியாக ஏற்றினார். 12 பென்னி ஒரு ஷில்லிங், நம் தாத்தாக்கள் 12 தம்பிடி ஒரு அணா என்று வைத்திருந்த மாதிரி. ஆக, 2 பென்னி 82 பென்னி ஆயிற்று. 41 மடங்கு! அவர் சொன்ன காரணமும் வேடிக்கை. பெரிய மனிதர்கள் மருந்தாக அளவோடு சாப்பிடுகிறார்களாம், கண்ட கண்ட ஜனங்கள்தான் அளவு மீறிக் கெடுக்கிறார்களாம்.

இதே வருஷங்களில் நம் தேசத்திலும் ஒரு காட்சி. பீஜப்பூரிலிருந்து அஸத் பேக் என்பவர் கொண்டுபோன புகையிலையை அக்பர் ஆசையோடு இழுத்துப் பார்க்க, அரண்மனை ஹக்கீம் 'வேண்டாம், நம் நூல்களில் சொல்லாத சரக்கு' என்று தடுத்தார். அக்பர் விட்டுவிட்டார். பிரபுக்கள் விடவில்லை. பிற்பாடு 1617-ல் ஜஹாங்கீர் தடை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

இங்கிலாந்தில் ராஜா போட்ட வரியால் புகை நின்றதா? இல்லை. கள்ளக் கடத்தல் பெருகியது, வரியைக் குறைக்க வேண்டி வந்தது. அதற்குள் வேறொரு காரியம் நடந்துவிட்டது. 1612-ல் வர்ஜீனியா குடியேற்றத்தில் ஜான் ரால்ஃப் என்பவர் நல்ல ஜாதிப் புகையிலையைப் பயிரிட்டார். 1617-ல் அங்கிருந்து 20,000 பவுண்டு இலை கப்பல் ஏறியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது லட்சக் கணக்கில் போயிற்று. 1620-ஐ ஒட்டி நல்ல இலை ஒரு பவுண்டு 3 ஷில்லிங் வரை போனது. 1630-ல் பயிர் செய்தவனுக்குக் கிடைத்த விலை ஒரு பென்னிக்கு விழுந்துவிட்டது. முதலில் கூலி ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்த வெள்ளைக்கார ஏழைகள் அந்தக் காட்டில் உழைத்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள். மலிவு விலைக்கு யாரோ ஒருவர் வேறு விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விலை விழுந்ததும் என்ன ஆயிற்று பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கனவான்களின் வேடிக்கைப் பொருளாக இருந்தது, பாதி நூற்றாண்டு தாண்டுவதற்குள் வண்டிக்காரன், படகுக்காரன் வாயில் இருந்தது. நூற்றாண்டு முடியும்போது, குழந்தை குட்டி எல்லாம் சேர்த்துத் தலைக்கு வருஷம் 2 பவுண்டு அளவுக்குப் புகையிலை செலவாகியிருக்கிறது என்று சரித்திரக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ! பஞ்சம், கொள்ளை நோய், உள்நாட்டுச் சண்டை எல்லாம் கண்ட நூற்றாண்டு அது. கூலிக்காரன் கையில் காசு பெருகியதால் இந்தப் பழக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. அவன் கையில் இருந்த அதே காசுக்குப் புகையிலை கிடைக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

அரசாங்கமும் மனம் மாறிவிட்டது. திட்டிய அதே ராஜா, 1619-ல் இங்கிலாந்து மண்ணில் புகையிலை பயிரிடுவதைத் தடை செய்தார். ஜனங்கள் உடம்புக்காகவா? கப்பலில் வரும் இலைக்குத்தானே வரி வாங்க முடியும்! வின்ச்கம் என்ற ஊர்ப் பக்கம் குடியானவர்கள் விடாமல் பயிரிட்டபோது, வயலை அழிக்கப் பட்டாளத்தை அனுப்பினார்கள். புகையிலை வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தது... கடைசியில் வரி வேண்டும் என்று முடிந்தது.

18-ஆம் நூற்றாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழாயை வைத்துவிட்டு மூக்குப்பொடி டப்பாவைப் பிடித்தார்கள். வரியும் ஜாஸ்தி, கடத்தலும் ஜாஸ்தி. அதற்குப் பிந்தைய காலத்தில் நம்ம ஊர் சரக்கும் அங்கே போயிற்று. திருச்சிச் சுருட்டு விக்டோரியா ராணி காலத்து லண்டனில் பேர் பெற்ற பொருள். நம் 'சுருட்டு' என்ற வார்த்தைதான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், அவர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சிச் சுருட்டு' என்று கண்டுபிடிப்பார்!

எந்திரம் வந்தது, எமனும் வந்தான்

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் நுரையீரலுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

சிகரெட்டைக் கையால் சுற்றிய காலத்தில், கை தேர்ந்த ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தால் 3,000 சுற்றலாம். 1881-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் என்ற வாலிபர் ஓர் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது ஒரு நாளைக்கு 1,20,000 சிகரெட்டைத் துப்பியது. 40 ஆள் வேலை! இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனி 1883-ல் இந்த எந்திரத்தின் உரிமையை வாங்கியது. 1888-ல் 'உட்பைன்' என்று ஒரு சிகரெட் விட்டார்கள். விலை? ஐந்து சிகரெட் ஒரு பென்னி.

இந்த 'ஐந்து' என்ற எண்ணில்தான் சூட்சுமம். முன்பெல்லாம் குழாய் வாங்கவேண்டும், இலை வாங்கவேண்டும், அடைக்கவேண்டும், பற்றவைக்கவேண்டும். உட்காரவும் நேரம் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையனால் முடியுமா? ஒரு பென்னிக்கு ஐந்து என்றதும் பேப்பர் போடுகிற பையனும் வாங்கினான். நம் தெருமுனைப் பெட்டிக்கடையில் பாக்கெட்டைப் பிரித்து ஒற்றை சிகரெட் விற்கிறார்களே, அதுவும் இதே தந்திரம்தான். மொத்த விலை பயமுறுத்தும். சில்லறை விலை பயமுறுத்தாது.

உடம்பு விஷயத்தில் இன்னொன்று. சுருட்டுப் புகையும் குழாய்ப் புகையும் காரத்தன்மை உள்ளவை. தொண்டைக்குள் இறக்கினால் இருமல் வரும். நிகோடின் வாயின் ஜவ்விலேயே இறங்கிவிடும். சிகரெட்டில் போடுவது சூடான காற்றில் பதப்படுத்திய மென்மையான இலை. அதன் புகை கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. வாயில் வைத்திருந்தால் போதாது, நுரையீரலின் அடிவரை இழுத்தால்தான் கிறக்கம் வரும். ஆக, அதுவரை வாயோடு நின்ற புகையை நெஞ்சுக் கூட்டுக்குள் கொண்டுபோனது இந்த மலிவு விலைச் சரக்குதான். அதுவரை நுரையீரல் புற்றுநோய் என்பது டாக்டர்கள் அபூர்வமாகப் பார்த்த வியாதி.

முதல் உலகப் போரில் சிப்பாய்க்கு ரொட்டியோடு புகையிலையும் ரேஷனில் கொடுத்தார்கள். இலவசம் என்பதைவிட மலிவு உண்டா? போர் முடிந்து திரும்பியவர்கள் பழக்கத்தோடு திரும்பினார்கள். 1948-ல் பிரிட்டனில் எடுத்த கணக்கில் ஆண்களில் 100-க்கு 82 பேர் ஏதாவது ஒரு வகையில் புகைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1950-ல் டாலும் ஹில்லும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். புகைக்கும் பழக்கம் பெருகி இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் புற்று பெருகும். அதனால்தான் யாரும் கடைக்காரனைச் சந்தேகப்படவில்லை.

உப்பா, கத்தரிக்காயா?

கத்தரிக்காய் விலை இரண்டு மடங்கு ஆனால் என்ன செய்கிறீர்கள், அம்மா? பூசணிக்காய் வாங்குகிறீர்கள். உப்பு விலை இரண்டு மடங்கு ஆனால்? முணுமுணுத்துக்கொண்டே அதே அளவு வாங்குகிறீர்கள். பொருளாதாரக்காரர்கள் எல்லாச் சரக்கையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். புகையிலை எந்தப் பக்கம்?

ரொம்ப நாள் 'உப்புப் பக்கம்' என்றுதான் நினைத்தார்கள். பழகினவன் எந்த விலையானாலும் வாங்குவான் என்று. அது பாதி உண்மை. 1947-ல் பிரிட்டனில் ஒரு சோதனை தானாகவே நடந்தது. யுத்தத்துக்குப் பின் தேசத்தில் டாலர் இல்லை. அமெரிக்க இலைக்கு டாலர்தான் கொடுக்கவேண்டும். நிதி அமைச்சர் ஹ்யூ டால்டன் புகையிலை வரியை ஒரே அடியாகப் பாதிக்குமேல் பாதி ஏற்ற, 20 சிகரெட் 2 ஷில்லிங் 4 பென்னியிலிருந்து 3 ஷில்லிங் 4 பென்னி ஆயிற்று. அதுவரை ஏறிக்கொண்டே போன விற்பனை இறங்கியது! வயதான பென்ஷன்காரர்கள்தான் தவித்துப் போனார்கள். அரசாங்கமே அவர்களுக்குச் சலுகை விலையில் புகையிலை வாங்க டோக்கன் கொடுத்தது. 1958 வரை அந்த டோக்கன் இருந்தது. இளைஞன் குறைத்துக்கொண்டான், கிழவரால் முடியவில்லை. பழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்பதற்கு அந்த டோக்கனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: விலை 100-க்கு 10 ஏறினால், பணக்கார நாடுகளில் விற்பனை 100-க்கு 4 குறையும். நம்மைப் போன்ற நாடுகளில் 5 குறையும். உப்பும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, நடுவில் நிற்கிற சரக்கு. கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார மேதையும் அவருடைய சகாக்களும் இன்னொன்றையும் காட்டினார்கள். விலை ஏறினால் இந்த வருஷம் குறைவது கொஞ்சம், பின்வரும் வருஷங்களில் சேர்ந்து குறைவது அதிகம். ஏன்? இன்று குடித்தது நாளைய தாகத்தை வளர்க்கிறது. இன்று ஒன்று குறைந்தால் நாளைய தாகமும் கொஞ்சம் குறையும். நாங்கள் நோயாளியிடம் காண்பதும் இதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது நானும் புகைத்தவன்தான். வீட்டிலிருந்து மணியார்டர் வந்த வாரம் தினம் மூன்று, வராத வாரம் ஒன்றுமில்லை. 'எனக்கு அடிமைத்தனம் இல்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்' என்று நண்பர்களிடம் சொல்வேன். வைத்தியம் ஆரம்பித்து கையில் காசு புரண்டதும் தினம் பத்து ஆயிற்று! ஏழ்மையைக் கட்டுப்பாடு என்று நினைத்திருக்கிறேன். முப்பது வயதில் விட்டேன். மூன்று முறை விட்டு, நாலாம் முறை நின்றது.

அந்த நாளில் எங்களுக்குள் ஒரு சால்ஜாப்பு உண்டு. 'சித்தர்கள் சொன்ன 32 புற மருந்துகளில் புகையும் ஒன்று இல்லையா?' இன்றும் சில நோயாளிகள் கேட்கிறார்கள். உண்டுதான். அது குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட சரக்கை, குறிப்பிட்ட நாள் மட்டும் புகைக்கச் சொன்ன மருந்து. புகையிலை நம் மண்ணுக்கே கடல் கடந்து வந்த செடி. அதற்கு சித்தர்களை ஜாமீனுக்கு இழுக்காதீர்கள்.

பீடி என்ற ஓட்டை

இனி நம் தையல்காரருக்கு வருவோம். விலை ஏறினால் குறையும் என்பது சரி. பக்கத்திலேயே மலிவான மாற்றுச் சரக்கு இருந்தால்? கத்தரிக்காயிலிருந்து பூசணிக்குப் போன கதைதான். 2016-17-ல் எடுத்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் 100-க்கு 28.6 பேர் ஏதோ ஒரு புகையிலையைப் பயன்படுத்தினார்கள். அதில் சிகரெட் 4.0 பேர், பீடி 7.7 பேர், வாயில் மெல்லும், அடக்கும் வகை 21.4 பேர். சிகரெட்டை மட்டும் ஏற்றினால் ஆள் நிற்கிற இடம்தான் மாறும். பீடி இலை காகிதம் மாதிரி தானாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். உடம்புக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

அவருக்கு வந்திருந்தது கால் ரத்தக்குழாய் சுருங்கி அடைக்கிற நோய் என்று எனக்குப் பட்டது. சித்த மருந்து மட்டும் போதாது, ரத்தக்குழாய் நிபுணரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதி அனுப்பினேன். அவரும் அதையே சொன்னார். இந்த நோய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு பீடிகூட விஷம், குறைப்பது பயன்படாது, நிறுத்தியே ஆகவேண்டும்.

"எவ்வளவு செலவாகுதுன்னு எழுதி வைங்கம்மா" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அடுத்த தடவை நோட்டோடு வந்தார். பீடிக் காசு ஒரு வரிதான். அதற்குக் கீழே ஸ்கேன், மருந்து, ஆட்டோ, தைக்க முடியாமல் போன நாட்களின் கூலி என்று பக்கம் நிறைந்திருந்தது. அவர் நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஏக்கம் வந்தால் அது சில நிமிஷ அலை. அந்த நேரம் ஒரு கிராம்பையோ, சுக்குத் துண்டையோ, உப்பில் ஊறிய நெல்லிக்காயையோ வாயில் போட்டுக்கொண்டு எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறேன். இது ஏக்கத்தைக் கடத்த உதவும், அடைப்பைத் திறக்காது. 1800 11 2356 என்ற அரசின் இலவச உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். பிரிட்டன் டாக்டர்களையே 50 வருஷம் பின்தொடர்ந்து 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். 50 வயதில் விட்டவருக்கு 6 வருஷ ஆயுள் திரும்பக் கிடைக்கிறது, 40-ல் விட்டால் 9, 30-ல் விட்டால் ஏறக்குறைய இழப்பே இல்லை. அவருக்கு 48. கணக்குப் போட்டுச் சொன்னேன்.

பீடி நின்று இன்றோடு 19 நாள். புண்ணின் ஓரம் சிவந்து புதுத் தசை தெரிகிறது. விரல் தப்புமா என்று மனைவி கேட்டார். இன்னும் சொல்ல முடியாது என்றேன். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார்கள்.